அரை விரற்கடை

வீட்டில் அவனுக்குச் ‘செக்கிங்’ என்று பெயர். வைத்தது மாமியார். படுக்கப் போகுமுன் கேஸ் வால்வை மூன்று முறை பார்ப்பான். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கியதும் மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பான். “இன்னும் ரெண்டு தடவை இழுத்தா பூட்டே கையோட வந்துடும் மாப்பிள்ளை” என்பார் மாமியார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடுகிற தொழில். அதில் பதினாறு வருடம் இருந்தால் எவனுக்கும் இந்தப் புத்தி வந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வான். உண்மையில் தொழிலுக்கு முன்பே, நினைவு தெரிந்த நாளிலிருந்தே, அவனுக்குப் பயம்.

அவன் மனைவி நேரெதிர். போல்ட்டும் நட்டும் விற்கிற கடையின் கவுன்டரில் பதினோரு வருடமாக நிற்கிறவள். மெக்கானிக் ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கொண்டுவந்து போட்டால் விரலால் ஒரு தடவு தடவி அளவைச் சொல்லிவிடுவாள். எந்தப் பொருளும் அவளைப் பயமுறுத்தி அவன் பார்த்ததில்லை.

காரின் பின்பக்க இடது ஸ்பிரிங் ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது. பள்ளத்தில் இறங்கியபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு வண்டி இடுப்பு பிடித்தவர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மெக்கானிக்கிடம் கேட்டால் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். பத்து நாள் காத்திருக்க முடியாது. மாமியாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். அவர்கள் வீடு இருந்த சந்துக்குள் அந்த நேரத்தில் வாடகை வண்டி கூப்பிட்டால் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

“நானே மாத்தறேன்” என்றாள் மனைவி. “தெனம் மெக்கானிக்குங்களுக்கெல்லாம் எந்த போல்ட் எங்க போகும்னு சொல்லித் தர்றதே நான்தான்.”

“சொல்றது வேற, கழட்டறது வேற” என்றான் அவன்.

“ஸ்பிரிங் வாங்கியாச்சு. புது போல்ட் வாங்கியாச்சு. கடை ஜாக்கியையும் கேட்டு வாங்கி வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சா மதியம் குளிச்சிட்டுச் சாப்பிடலாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே வேலை ஆரம்பித்தது. அவனுடைய பங்கு, கார் விழாமல் பார்த்துக்கொள்வது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தான். காரின் உடம்பைத் தாங்க அடியில் இரண்டு ஸ்டாண்டு போதும் என்று அவள் சொன்னதற்கு நாலு வைத்தான். கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளினான்; அதன் மேல் ஸ்டெப்னியைப் படுக்கவைத்தான்; அதுவும் போதாதென்று பழைய கட்டில் கால் இரண்டைக் குறுக்கே அடுக்கினான்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். “முடிஞ்சுதா? இல்ல, மேல ஒரு மாடி கட்டப் போறீங்களா?”

ஜன்னலுக்குள்ளிருந்து மாமியார் சிரிக்கிற சத்தம் கேட்டது.

காரின் பின்சக்கரத்தைத் தாங்குகிற ஒரு நீள இரும்புக் கை உண்டு. மெக்கானிக்குகள் ‘ஆர்ம்’ என்பார்கள். ஸ்பிரிங் அதன் மேல்தான் அமுங்கி உட்கார்ந்திருக்கும். ஆர்மின் வெளிமுனையை ஒரு நீளமான போல்ட் சக்கரத்தோடு பிடித்திருக்கும். அடியில் ஜாக்கி கொடுத்து, போல்ட்டை உருவி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையில் வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. சக்கரம் இல்லாத அந்த இடம், தோல் உரித்த உடம்பு மாதிரி, அவனுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நட்டு கழன்றது. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அவள் முழு எடையோடு தொங்கியபோது ‘டக்’கென்று விட்டது, கார்தான் விழுந்ததென்று அவன் இரண்டடி தள்ளிப் போய் நின்றிருந்தான். ஆனால் போல்ட் வரவில்லை. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று திரும்பியது. விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. உள்ளே இருக்கிற இரும்புக் குழலும் போல்ட்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன, சுற்றியுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றாள். துரு விடுகிற ஸ்பிரேயை அடித்தாள். அரை மணி நேரம் காத்திருந்தாள். சுத்தியலால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கார் மொத்தமும் சிலிர்த்தது. போல்ட் அசையவில்லை.

அதற்குள் அவன் ஆறு முறை அவளை நிறுத்தியிருந்தான். பெட்ரோல் வாசம் வருகிறது என்றான். அது ஸ்பிரே வாசம். ஸ்டாண்டு நகர்ந்துவிட்டது என்றான். ஸ்பானரை ஸ்டாண்டுக்குக் கீழே வைத்து அளந்து காட்டினாள், நகரவில்லை. ‘படார்’ என்று ஏதோ உடைகிறது என்று கத்தினான். வெயிலில் தகரக் கூரை விரிகிற சத்தம் அது. முதல் மூன்று முறை எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு பார்த்தாள், சிரிக்கவில்லை.

சின்ன கேஸ் டார்ச்சின் தீயால் போல்ட்டைச் சுட ஆரம்பித்தபோது அவன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றான். ரப்பர் கருகிப் புகைந்தது. மூக்கைத் துளைக்கிற நாற்றம்.

“நெருப்பு! அங்க, உள்ள பாரு!”

“எங்க?”

“சிவப்பா தெரியுதே!”

“இரும்பைச் சுட்டா சிவப்பாத்தான் தெரியும்.”

“மாப்பிள்ளை” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “அந்த வாளியை உங்க தலையில ஊத்திக்கங்க. நெருப்பு அங்கதான் எரியுது.”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் பதிந்து வலித்தது.

சுட்டும் போல்ட் வரவில்லை. இனி அறுப்பதுதான் வழி என்றாள். ஆர்முக்கு இரண்டு பக்கமும் ஒரு பிளேடு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. இரண்டு இடத்திலும் போல்ட்டை அறுத்தால் ஆர்ம் நடுத்துண்டோடு விடுபட்டுவிடும். இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பக்கம் அறுபட ஒரு மணி நேரமும் மூன்று பிளேடும் ஆனது. மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்துவிட்டார்கள். மாமியார் மட்டும் அளந்து கொடுத்த தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஜன்னலோரம் கண்ணயர்ந்தார்.

இரண்டாவது பக்கம் பாதி போயிருந்தபோது அவன் அதைப் பார்த்தான்.

ஜாக்கியின் தலைக்கும் ஆர்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. காலையில் ஜாக்கியைக் கொடுத்தபோது இரண்டும் ஒட்டி இருந்ததை அவனே விரலை வைத்துப் பார்த்திருந்தான். இப்போது தேய்க்காத தடித்த லென்ஸ் ஒன்று நுழைகிற அளவு இடைவெளி. குனிந்து பார்த்தான். ஜாக்கிக்குக் கீழே தரையில் கருப்பாக ஈரம். அது ஜாக்கியின் எண்ணெயாக இருக்கலாம். காலையிலிருந்து அடித்த ஸ்பிரே சொட்டியதாகவும் இருக்கலாம். சுற்றிலும் அதே மாதிரி ஈரம் பத்து இடத்தில் இருந்தது.

“ஜாக்கி இறங்குது” என்றான்.

பிளேடு நிற்கவில்லை. “ம்.”

“நிஜமாத்தான் சொல்றேன். அரை விரற்கடை இறங்கியிருக்கு.”

“இதோட பதினொண்ணு” என்றாள். “எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். சூட்டுல ரப்பர் அமுங்கியிருக்கும், ஆர்ம் கொஞ்சம் மேல போயிருக்கும். இன்னும் கொஞ்சம்தாங்க. கை விட்டா பிளேடு மாட்டிக்கும்.”

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். ரப்பர் அமுங்கும் என்பது சரியாகத்தான் பட்டது. காலையிலிருந்து பத்து முறை நெஞ்சு படபடத்தது, பத்தும் வீண். பதினோராவதும் அதே படபடப்புதான். அதே இடத்தில், அதே அளவில். நிஜமான ஆபத்துக்கு வேறு மாதிரி அடித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவனுக்குத் தெரியவில்லை. ஜாக்கியின் கைப்பிடியை ஒரு முறை அழுத்தினால் போதும், மேலே வந்துவிடும். ஆனால் நடுவில் தொட்டால் பிளேடு இறுகி ஒடிந்துவிடும் என்று அவள் முன்பே எச்சரித்திருந்தாள். கைப்பிடிமேல் கையை வைத்தான். எடுத்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

அவள் இடது கையால் ஆர்மின் முனையைப் பற்றிக்கொண்டாள், அறுக்கும்போது அதிராமல் இருக்க. நாலு விரலும் அடியில், அந்த இடைவெளிப் பக்கம், மடிந்தன.

“விரலை” என்றான்.

போல்ட் அறுந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. புத்தகம் ஒன்று மேசையில் விழுந்த மாதிரி ஒரு ‘தொப்’. ஆர்ம் அரை விரற்கடை கீழே இறங்கி ஜாக்கியின் தலைமேல் உட்கார்ந்தது, முழு ஸ்பிரிங்கின் பலத்தோடு. அவள் ஆச்சரியப்பட்டவள் போல வாயைத் திறந்தாள். பிறகுதான் குரல் வந்தது. அப்படியொரு குரலை அவள் தொண்டையிலிருந்து அவன் கேட்டதே இல்லை.

“கை! கை!”

நடு விரலும் மோதிர விரலும் உள்ளே இருந்தன. அவன் கால்கள் அந்த இடத்திலேயே நின்றன. எத்தனை நேரம் நின்றான் என்று பிறகு அவனால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

“ஜாக்கியைத் தொறங்க! வால்வைத் தொறங்க! எறங்கிடும்!”

அவன் ஜாக்கியின் பின்னால் மண்டியிட்டான். வால்வைப் பிடித்தான். இடது பக்கம் திருப்பினால் ஜாக்கி இறங்கும். ஆர்மும் கூடவே இறங்கும். ஸ்பிரிங் முழுதாக நீண்ட பிறகு விரலை எடுக்கலாம். அப்போது நிமிர்ந்து ஸ்பிரிங்கைப் பார்த்தான். உடைந்த முனை தன் இடத்திலிருந்து நழுவி வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதற்கு நேராக ஒரு முழ தூரத்தில் அவள் முகம். கை மாட்டியிருப்பதால் முகத்தை எங்கும் திருப்ப முடியாது.

“ஸ்பிரிங் தெறிச்சா மூஞ்சில அடிக்கும்” என்றான்.

“பரவால்ல, தொறங்க!”

“முடியாது.”

“ஐயோ, தொறங்கடா!” என்றாள். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவனை ‘டா’ போட்டதில்லை.

அவன் வால்வை விட்டுவிட்டு டிக்கிக்கு ஓடினான். காரோடு வருகிற கத்தரி ஜாக்கி அங்கே இருந்தது. டிக்கியைத் திறந்ததும் கார் ஆடியது. அவள் மறுபடி அலறினாள். அலறல் கேட்டு மாமியார் கைத்தடியோடு வாசலுக்கு வந்துவிட்டார். டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற இடது கையால் எதையும் தூக்கக் கூடாது அவர்.

“அத்தை, தலகாணி! தலகாணி எடுத்துட்டு வாங்க, அவ மொகத்துக்கு முன்னால பிடிங்க!”

மாமியார் ஏன் என்று கேட்கவில்லை. தலையணையோடு வந்தார். சிமென்ட் தரையில் உட்கார அவருக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அன்று தானாகவே சரிந்து உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் அணைத்து, தலையணையை ஸ்பிரிங்குக்கும் முகத்துக்கும் நடுவே பிடித்துக்கொண்டார். அதைப் பிடித்தது இடது கையாலா வலது கையாலா என்று யாரும் பார்க்கவில்லை.

கத்தரி ஜாக்கியை ஆர்முக்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அதற்குக் காருக்கு அடியில் போக வேண்டும். வாழ்க்கையில் ஒரு முறைகூட அவன் போனதில்லை. மல்லாந்து படுத்துக் குதிகாலால் உந்தி உள்ளே போனான். இரும்பு மூக்குக்கு நாலு விரல் மேலே இருந்தது. மண்ணும் துருவும் கண்ணில் உதிர்ந்தன. காதுக்குள் ஏதோ ‘கிறீச்’ என்றது. அது காரா, தன் பல்லா என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தான், மூச்சு விடுவதற்கு அது இடைஞ்சலாக இருந்தது.

ஜாக்கியை வைத்தான். திருப்பும் கம்பியின் கொக்கி ஓட்டையில் மாட்டவில்லை. மூன்றாம் முறை மாட்டியது. திருப்பினான். ஜாக்கி தாழ்ந்தது.

“அந்தப் பக்கம் இல்ல மாப்பிள்ளை” என்றார் மாமியார், மிக மெதுவாக. “மறுபக்கம்.”

மறுபக்கம் திருப்பினான். ஒரு சுற்று. இரண்டு. ஜாக்கியின் தலை ஆர்மைத் தொட்டது. அதன் பிறகு கம்பி கனத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பைத் திருப்பி, முழங்கையைத் தரையில் ஊன்றித் தள்ளினான். ஸ்பிரிங் முனகியது. அவள் இப்போது கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“பேசு” என்று அடியிலிருந்து கத்தினான். “ஏதாவது பேசு!”

“எண்ணுங்க” என்றாள். “சுத்தறதை எண்ணுங்க.”

எண்ணினான். பதினேழாவது சுற்றில் வெளிச்சம் தெரிந்தது. கை வெளியே வந்தது.

எதிர்வீட்டு லாண்டரிக்காரர் தன் வேனில் கொண்டுபோனார். வெளுத்து மடித்த போர்வைகளுக்கு நடுவே அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். மாமியார் வீட்டில் இருக்க மறுத்துவிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஓட்டுகிறவரைப் பார்த்து “மெதுவா, மெதுவா” என்றும் “வேகமா” என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நடு விரலைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். மோதிர விரலின் நுனியை முதல் கணுவோடு எடுக்க வேண்டியதாயிற்று. “கொஞ்சம் சீக்கிரம் கையை எடுத்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா டாக்டர்?” என்று தாழ்வாரத்தில் கேட்டான். எத்தனை நிமிடம் மாட்டியிருந்தது என்று டாக்டர் கேட்டார். ஆறோ ஏழோ என்றான். “நசுங்கினது அந்த முதல் நொடியிலேயே நசுங்கியிருக்கும்” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆனா உறுதியா சொல்ல முடியாது” என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் தானே வீட்டுக்கு வந்தார். ஜாக்கியைப் புரட்டிப் பார்த்தார். சீல் போய்விட்டது, காலையிலிருந்தே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டிருக்கிறது என்றார். தூக்கி நிறுத்தும்போது தெரியாது, மணிக்கணக்கில் நின்றால்தான் தெரியும். ஸ்பிரிங்கைப் பற்றியும் அவன் கேட்டான். வால்வைத் திறந்திருந்தால் முகத்தில் அடித்திருக்குமா? மெக்கானிக் ஸ்பிரிங்கின் உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்தார். “அடிச்சிருக்கலாம். சொத்துன்னு கால்கிட்ட விழுந்தும் இருக்கலாம். இதுக்கெல்லாம் சாமியார் மாதிரி நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

தான் சொன்னது நிஜமாகிவிட்டதில் அவனுக்கு ஒரு துளி நிம்மதியும் இல்லை. அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அவள் கேட்டாள்.

“நீங்க சொன்னீங்க, இல்ல?”

“சொன்னேன்.”

“அப்ப ஏன் என் கையைப் பிடிச்சு இழுக்கல?”

“பத்து தடவை தப்பா சொன்னேன். இதுவும் தப்பாத்தான் இருக்கும்னு எனக்கே தோணிச்சு.”

அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். “இனிமே நீங்க நிறுத்துன்னா நிறுத்திடறேன். ஏன்னு கேக்க மாட்டேன்.”

அதைக் கேட்டதும் அவனுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. இத்தனை வருடமும் அவன் பயம் காற்றோடு போனது. யாரும் அதன்படி நடக்கவில்லை. அதனால் இஷ்டத்துக்குப் பயப்பட முடிந்தது.

ஆறு வாரம் கழித்து, டயாலிசிஸ் நாளொன்றில், மெக்கானிக் சரிசெய்து கொடுத்த வண்டியை முதல் முறையாக அவள் மறுபடி எடுத்தாள். மோதிர விரலில் இன்னும் சின்னக் கட்டு. மாமியார் பின்னால், அவன் பக்கத்தில். பாலத்து ஏற்றத்தில் எங்கோ பின்பக்கம் ‘கடகட’ என்றது. அவன் காதைத் தீட்டிக்கொண்டான். நின்றது. மறுபடி ‘கடகட’. சொல்லலாமா? சொன்னால் நிறுத்திவிடுவாள். பின்னால் லாரி வருகிறது. சொல்லாவிட்டால்? பாலத்தின் முக்கால்வாசி தாண்டும்வரை தன்னோடு தானே மல்லுக்கட்டினான்.

“நிறுத்து” என்றான்.

அடுத்த நொடி விளக்கைப் போட்டு ஓரம் கட்டிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. லாரி ஹாரனை அலறவிட்டுக் கடந்து போனது. பிறகு அவன் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான், ஸ்பிரிங்கைப் பார்த்தான், புது போல்ட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பின்கதவைத் திறந்தபோது மாமியாரின் கால் அருகே தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வந்து நின்றது.

“இதுவா மாப்பிள்ளை?” என்றார் மாமியார்.

“இதுதான் அத்தை.”

பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் வந்து உட்கார்ந்தான். “பாட்டில்தான்” என்றான், அவளைப் பார்க்காமல். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தான். சிரித்தால் நன்றாக இருக்கும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். “நல்லா பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க” என்றாள்.

அவன் மறுபடி இறங்கினான்.